பஸ்ஸில் பிள்ளை பசித்து அழுதால்: ஒரு தோட்டத்துத் தாய்க்குப் பதில்

கேள்வி கேட்டவர் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கும் ஒரு இளம் தாய். முதல் பிள்ளை, இரண்டு மாதம். பிள்ளையைக் காட்ட டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பஸ்ஸில் பிள்ளை அழுதிருக்கிறது. பால் கொடுக்கத் தொடங்கியதும் பக்கத்து சீட் ஆள் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். பின்னால் இருந்த ஒரு அம்மா, "வீட்டிலேயே குடுத்துட்டு வரக் கூடாதா?" என்றாராம். இவர் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார். பிள்ளை டிக்கோயா வரை அழுதுகொண்டே வந்தது. இனி வெளியே போகும்போது சூப்பிப் போத்தலில் பால்மா கரைத்துக் கொண்டுபோ என்று மாமியார் சொல்கிறார். அடுத்த மாதம் திரும்பவும் கொழுந்து எடுக்கப் போக வேண்டும். வெளியில் பால் கொடுப்பது தப்பா, எப்படிக் கொடுப்பது, வேலைக்குப் போன பிறகு என்ன செய்வது என்று கேட்கிறார். நுவரெலியா மாவட்டத்தில் மிட்வைஃபாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்வியைக் கிளினிக் வாங்குகளில் எத்தனையோ பேர் மெதுவாகக் கேட்டிருக்கிறார்கள்.

மகள், நேராகச் சொல்கிறேன். தப்பில்லை. பொது இடத்தில் பிள்ளைக்குப் பால் கொடுப்பதைக் குற்றமென்று சொல்லும் சட்டம் இந்த நாட்டில் கிடையாது. பஸ், ரயில், கடை வாசல், கோயில் மண்டபம், எங்கே பிள்ளைக்குப் பசிக்கிறதோ அங்கே கொடுக்கலாம். யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

பின் சீட் அம்மா சொன்னதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதப் பிள்ளை ஒரு நாளில், இரவும் சேர்த்து, 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அப்படியென்றால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. நீங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க வேண்டும், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், நோர்வூட் தாண்டி டிக்கோயா வரை வர வேண்டும். ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்து உட்கார்ந்து, மருந்து வாங்கி, அதே பாதையில் திரும்ப வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அரை நாள் போய்விடும். வீட்டில் வயிறு நிறையக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாலும் இரண்டு, மூன்று தடவைப் பால் வெளியில்தான் விழும். வீட்டிலேயே கொடுத்துவிட்டு வா என்பது வெளியே வராதே என்று சொல்வதுதான். மலையகத்தில் எதற்கும் டவுனுக்குத்தானே இறங்க வேண்டியிருக்கிறது, வராமல் எப்படி இருப்பது?

அதனால் பயணத்தைத் திட்டமிடும்போது, "பிள்ளைக்கு வெளியில் பசிக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது" என்று யோசிக்காதீர்கள். "எங்கே, எப்போது உட்கார்ந்து கொடுக்கலாம்" என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லா யோசனையும் இதற்குப் பிறகுதான்.

போத்தல் விஷயத்தையும் இங்கேயே பேசிவிடலாம். மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளை அழுததும், நீங்கள் கூனிக்குறுகி உட்கார்ந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் தாய்ப்பால் எடுக்க எடுக்கத்தான் ஊறும். பிள்ளை உறிஞ்சும்போது மூளையிலிருந்து புரோலக்டின் என்ற ஹார்மோன் சுரந்து அடுத்த தடவைக்கான பாலை உண்டாக்குகிறது. பால் மார்பிலேயே தங்கினால், "இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது" என்று உடம்பு உற்பத்தியைக் குறைத்துவிடும். டவுனுக்குப் போகும் நாளில் மட்டும்தானே என்று ஒரு போத்தலில் தொடங்கும். அப்புறம் கல்யாண வீடு, அப்புறம் கோயில் திருவிழா, அப்புறம் வேலை. சில வாரத்தில், "எனக்குப் பால் வத்திப்போச்சு மிஸ்" என்று தாய் வந்து நிற்பார். பால் தானாக வற்றவில்லை, கேட்க ஆளில்லாமல் குறைந்தது. போத்தல் காம்பில் பால் சும்மா ஒழுகும். அதற்குப் பழகிய சில பிள்ளைகள் மார்பில் உழைத்துக் குடிக்க மறுக்கும். பயணத்தில் போத்தலைக் கழுவ, அவிக்க வசதியில்லாததால் வயிற்றோட்டம் வேறு வரும். டாக்டர் பார்த்து, காரணத்தோடு பால்மா எழுதிக்கொடுத்தால் அது வேறு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்றவர் பார்க்கிறார் என்பதற்காகப் பால்மாவுக்குப் போகாதீர்கள். அதன் விலையும் உங்களுக்குத் தெரியும்.

இந்த நாட்டில் 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்றச் சாப்பாட்டோடு 2 வயதும் அதற்கு மேலும் என்பதுதான் சுகாதாரத் துறை சொல்வது. தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மாக்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதி இங்கே 1983-லேயே வந்துவிட்டது. 2016-இல் எடுத்த தேசிய குடித்தொகை, சுகாதார அளவீட்டில் 6 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதம் பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்துக்கொண்டிருந்தார்கள். தாய்ப்பாலூட்டலுக்கான கொள்கைகளையும் ஏற்பாடுகளையும் வைத்து நாடுகளுக்குப் புள்ளி போடும் உலக மதிப்பீட்டில் 2020-இல் முதலாவதாகப் பச்சை நிறத் தரம் வாங்கியது இலங்கைதான். இவ்வளவு பெருமை இருந்தும், மலையகத்து பஸ் ஸ்டாண்ட் ஒன்றில் ஒரு தாய் மறைவாக உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு வாங்கு தேடினால் கிடைப்பது அருமை. எனக்கு இதில் கோபம்தான்.

வெட்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது பாலையே தடுத்துவிடும். உண்டான பால் காம்புக்கு இறங்கி வர ஒக்சிடோசின் என்று இன்னொரு ஹார்மோன் வேண்டும். பயம், கூச்சம், பதற்றம் இருந்தால் அது சற்று நேரம் தயங்கும். பிள்ளை இழுத்துப் பார்க்கும், வராது, விட்டுவிட்டு அழும். தாய் இன்னும் பதறுவார். அன்றைக்கு பஸ்ஸில் நடந்தது அதுவாக இருக்கலாம். அந்த நேரத்தில் மார்பில் பால் இல்லாமல் இல்லை, இறங்கவில்லை, அவ்வளவுதான். தோளைத் தளர்த்தி, நாலு தடவை மூச்சை நன்றாக இழுத்து விட்டு, சுற்றி இருப்பவர்களைப் பார்க்காமல் பிள்ளையின் முகத்தை மட்டும் பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் மார்பு சுருக்கென்று கூசும், மற்றப் பக்கத்திலிருந்தும் கசியும். இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் அம்மாமார் காலத்தில் இது ஒரு பேச்சாகவே இருந்ததில்லை. மலையோரத்துக் கல்லிலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும், லயத்து இஸ்தோப்பிலும் கூட்டமாக உட்கார்ந்து கொடுத்தார்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். கங்காணி அந்தப் பக்கம் வந்தால் முந்தானையை இழுத்துவிடுவார்கள், பேச்சு பாட்டுக்கு நடக்கும். இப்போது முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் கொடுக்க வேண்டியிருக்கிறது. சேலை போய் சுடிதார் வந்துவிட்டது, எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆகவே உங்களுக்குக் கூச்சம் வருவது இயல்பு. "அந்தக் காலத்தில நாங்க" என்று யாராவது தொடங்கினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒன்று மட்டும் சொல்வேன்: என் அனுபவத்தில் தாய்மாரை அதிகம் நோகடித்த சொல் ஆம்பளைகளிடமிருந்து வந்ததில்லை. பிள்ளை பெற்று வளர்த்த பெண்களிடமிருந்துதான் வந்தது.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். ஸ்டாண்டிலிருந்து புறப்படும் பஸ் என்றால் நேரத்தோடு போய் ஏறுங்கள். நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸில் கொடுப்பது ஓடும் பஸ்ஸில் கொடுப்பதைவிட எவ்வளவோ சுகம். பிள்ளை அழும்வரை காத்திருக்க வேண்டாம். வாயைச் சப்புவது, தலையை அங்குமிங்கும் திருப்பி மார்பைத் தேடுவது, கையை வாயில் வைப்பது, இவைதான் பசியின் முதல் அடையாளங்கள். அழுகை கடைசி. அழத் தொடங்கிய பிள்ளை வாயை ஒழுங்காகத் திறந்து மார்பைப் பிடிக்காது. அதுதான் எல்லாரையும் திரும்பிப் பார்க்கவும் வைக்கும். முதல் அடையாளத்திலேயே வைத்துவிட்டால் பாதிப் பேருக்கு நீங்கள் பால் கொடுப்பதே தெரியாது, பிள்ளை தூங்குகிறது என்றுதான் நினைப்பார்கள்.

ஜன்னல் ஓர சீட் எடுங்கள். கூட வருபவர், அம்மாவோ நாத்தனாரோ கணவரோ, நடைபாதைப் பக்கம் இருக்கட்டும். டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டுகளைத் தவிர்ப்பது நல்லது, கண்ணாடியில் தெரியும். கர்ப்பிணித் தாய்மாருக்கென்று ஒதுக்கிய முன் சீட்டை, கைப்பிள்ளையோடு நிற்கும் தாய் கேட்டால் பெரும்பாலும் எழுந்து கொடுப்பார்கள். கேட்காமல் நின்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கொண்டக்டர் சிங்களவராக இருந்தால், "பபாட்ட கிரி தென்ன ஓனே, சீட் எக்கக் தென்ன" (பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும், ஒரு சீட் கொடுங்கள்) என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவரே ஆளை எழுப்பி இடம் எடுத்துத் தருவார். நான் பார்த்தவரையில் பால் என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு மொழிக்காரரும் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்கிறார்கள்.

நம்முடைய பாதையில் வளைவு அதிகம். கொடுத்துக்கொண்டிருக்கும்போது பஸ் திரும்பினால் பிள்ளை இழுபட்டுக் காம்பு புண்ணாகும். ஜன்னல் பக்கச் சுவரில் உங்கள் முதுகைச் சாய்த்து, பையை மடியில் வைத்து, அதன் மேல் பிள்ளையைக் கிடத்தி, ஒரு கையால் பிள்ளையின் தோளையும் கழுத்தையும் தாங்கிக்கொள்ளுங்கள். தலையைப் பின்னாலிருந்து அழுத்தக் கூடாது. கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்கு இறங்குபவர்களுக்குத் தலைசுற்றி வாந்தி வரும். அதற்குக் கடையில் விற்கும் குளிசையைப் பால் கொடுக்கும் தாய் கிளினிக்கில் கேட்காமல் போடக் கூடாது.

உடுப்பில்தான் பாதி வேலை இருக்கிறது. சேலை கட்டினால் பிரச்சினையே இல்லை. சட்டையை மேல் பொத்தானிலிருந்து கழற்றாமல் கீழ்ப் பொத்தான் இரண்டைக் கழற்றி மேலே தூக்கினால் மார்பின் மேல்பக்கம் மூடியே இருக்கும், முந்தானை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சுடிதார் என்றால் முழுதாகத் தூக்க வேண்டிவரும், வயிறு முதுகெல்லாம் குளிரும். அதற்கு ஒரு வழி உண்டு. உள்ளே ஒரு பழைய பெனியன் போட்டு, இரண்டு மார்புக்கும் நேரே கத்தரித்து ஓரம் தைத்துக்கொள்ளுங்கள். மேல் சட்டையைத் தூக்கினாலும் வயிறு தெரியாது, குளிராது. அதற்கு மேல் முன்பக்கம் திறக்கும் சுவெட்டர். தையல் மெஷின் வைத்திருக்கும் அக்கா ஒருத்தி லயத்தில் இல்லாமலா இருப்பாள்? பால் கொடுக்கும் தாய்மாருக்கென்று கடையில் விற்கும் விலை கூடிய உடுப்புகள் அவசியமே இல்லை. இறுக்கமான உள்பாடி மட்டும் வேண்டாம், பால் கட்டிக்கொள்ளும். கசிவுக்குப் பழைய பருத்திச் சேலையை மடித்து வைத்துக்கொள்ளலாம். ஆனி, ஆடி மழையில் நம் பக்கம் துணி காயாது என்பதால் நிறையவே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் இருந்து இரண்டு மூன்று தடவை பழகிப் பாருங்கள். உங்களுக்கு மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் தெரிவதுபோல் இருக்கும். எதிரில் இருப்பவருக்குப் பிள்ளையின் தலைதான் தெரியும். இதைக் கண்ணாடியில் பார்த்த பிறகு பல பேருக்குக் கூச்சம் பாதி குறைந்துவிடும்.

சோல் போடலாமா என்றால், உங்கள் தோளிலிருந்து மார்பின் மேல் வரும்படி போடலாம். பிள்ளையின் முகத்தை முழுக்க மூடாதீர்கள். மூக்கும் கன்னமும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மலைக்குளிர் என்று கம்பளிச் சோலை இரண்டு மடிப்பாகப் போட்டு, குல்லாவும் வைத்து, சனம் நெருக்கும் பஸ்ஸில் மூடிவைத்தால் பிள்ளை வியர்த்து மூச்சுத் திணறும். உங்கள் உடம்போடு ஒட்டியிருக்கும் பிள்ளைக்கு உங்கள் சூடே நல்ல போர்வை. நாடி மார்பில் தொட்டிருக்கிறதா, வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா என்று பார்க்கவும் முகம் தெரிய வேண்டுமே.

ரயில் சுகமானது, இடம் கிடைத்தால். ஆனால் திறந்த ஜன்னலில் காற்றும் பனியும் முகத்தில் அடிக்கும், அந்தப் பக்கக் கண்ணாடியை மூடிவிடுங்கள். பதுளைப் பக்கம் போகும்போது ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். நம்ம பையன்கள் சுரங்கத்துக்குள் ஊளையிடாமல் விடமாட்டார்கள். பிள்ளை திடுக்கிட்டுக் காம்பைக் கடித்து இழுக்கும். சுரங்கம் வருவது தெரிந்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி எடுத்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் மறுபடி வையுங்கள். நானுஓயாவுக்கும் எல்லவுக்கும் இடையில் உல்லாசப் பயணிகள் கூட்டம், கமராக்கள் எல்லாப் பக்கமும் திரும்பும். கொழுந்தெடுக்கும் நம் பெண்களைக் கேட்காமலே படமெடுத்துப் பழகியவர்கள். கையை நீட்டி "நோ போட்டோ" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் இறக்கிவிடுவார்கள்.

டவுனில் இடம் வேண்டுமென்றால் துணிக்கடைகளைக் கேளுங்கள். உடுப்புப் போட்டுப் பார்க்கும் சின்ன அறை இருக்கும், பெண்பிள்ளைகள் வேலை செய்வார்கள், மறுக்க மாட்டார்கள். பார்மசியில் ஒரு ஸ்டூல் தருவார்கள். கோயிலிலும் கொடுக்கலாம். தீட்டுக் கழித்துப் பிள்ளையைக் கோயிலுக்கு எடுத்துப் போகலாம் என்றால் அங்கே அதற்குப் பசிக்கவும் செய்யும்தானே. மண்டபத்து ஓரமாகத் தூணுக்குச் சாய்ந்து உட்காருங்கள், ஐயரைக் கேட்க வேண்டியதில்லை. கிளினிக்கில் தயக்கமே வேண்டாம். ஊசி போடும்போதும் போட்டவுடனும் மார்பில் வைத்தால் பிள்ளைக்கு வலி குறைகிறது, அழுகையும் சீக்கிரம் நிற்கிறது. 2, 4, 6 மாத ஊசிகளுக்குப் போகும்போது இதை நினைவில் வையுங்கள். பஸ் ஸ்டாண்ட் கக்கூஸுக்குள் போய் மட்டும் கொடுக்காதீர்கள். நாம் அங்கே உட்கார்ந்து சோறு தின்போமா?

முறைத்துப் பார்ப்பவரை என்ன செய்வது? பாதிப் பேர் வேறு யோசனையில் பார்ப்பார்கள். நீங்கள் நேராக ஒரு தடவை அவர் கண்ணைப் பார்த்தால் திரும்பிக்கொள்வார். "வீட்டில் குடுத்துட்டு வரலாமே" என்பவரிடம், "பிள்ளைக்குப் பசி அம்மா" என்று ஒரு வரி போதும், வாக்குவாதம் வேண்டாம். ஆனால் அசிங்கமாகப் பேசுவது, உரசுவது, போனில் படமெடுப்பது வேறு விஷயம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு சொல்லாலும் செயலாலும் செய்யும் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது, 5 வருடம் வரை சிறைத் தண்டனை கொடுக்கலாம். கொண்டக்டரிடம் சத்தமாகச் சொல்லுங்கள், பஸ் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. கணவர் கூட வந்தால் இந்த வேலையை அவர் பார்க்கட்டும். பிள்ளையின் பையைத் தூக்குவதோடு அவர் கடமை முடிந்துவிடாது. தாய் கொடுத்து முடிக்கும்வரை நடைபாதைப் பக்கம் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் அதில் சேரும்.

ஊர்ப் பேச்சு இரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மாமியார் கட்டாயம் சொல்வார். வெயிலில் நின்று வந்தால் பால் சூடாகிவிடும், பீச்சி ஊற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. மழையில் நனைந்த தாயின் பால் பிள்ளைக்குச் சளி பிடிக்க வைக்கும் என்பது இன்னொன்று. வெயிலும் மழையும் மார்புக்குள் இருக்கும் பாலை ஒன்றும் செய்யாது. ஈர உடுப்பை மாற்றித் துடைத்துக்கொண்டு நேரே கொடுக்கலாம், ஒரு துளியும் ஊற்ற வேண்டாம். வெளியில் கொடுத்தால் கண்ணூறு படும் என்பதற்கு, பொட்டு வைத்தோ உப்பு மிளகாய் சுற்றிப் போட்டோ அவர் மனம் ஆறட்டும், சண்டை போடாதீர்கள். பால் நிற்காதவரை எனக்கு எதுவும் ஆட்சேபணையில்லை.

இனி வேலை. உங்கள் விஷயத்தில் பஸ்ஸைவிடப் பெரிய சிக்கல் இதுதான். 1939-ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் பொருந்தும். 12 வார லீவு உண்டு. முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து அது பாதியாகக் குறையும், 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளைக்கும் ஒரே அளவுதான். வேலைக்குத் திரும்பிய பின், பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, 9 மணி நேர வேலைக்குள் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் தர வேண்டும். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா தோட்டத்தில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் 30 நிமிடத்துக்குக் குறையாமல், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. துரையோ கணக்கப்பிள்ளையோ மனமிரங்கித் தரும் சலுகை என்று நினைத்துவிடாதீர்கள், சட்டம் கொடுத்தது.

காகிதத்தில் சரி. மேல் மலையில் நிரை (கொழுந்தெடுக்கும் வரிசை) பிடித்தால் பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கி ஏறவே அந்த 30 நிமிடமும் போய்விடும், எடுக்கும் கொழுந்தின் கிலோவும் குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்ற பயத்தில்தான் நம் பெண்கள் பகல் பாலை விட்டுவிடுகிறார்கள். ஆகவே வேலைக்குத் திரும்பும் முன்பே பேசுங்கள். கிட்ட மலையில் நிரை தரும்படி கங்காணியிடம் கேளுங்கள். தனியாகக் கேட்காமல், கைப்பிள்ளை உள்ள நாலு பேர் சேர்ந்து, தொழிற்சங்க மாதர் தலைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். சரிவராவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம். பிள்ளைக் காம்பராவைப் பார்க்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரோடு நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். பிள்ளை எழும் நேரம், குடிக்கும் நேரம் அவருக்குத் தெரிந்தால் ஆளனுப்பிச் சொல்வார்.

மலையிலிருந்து வந்ததும் இடுப்பில் கட்டிய படங்கைக் கழற்றி, கையை முழங்கை வரை சவுக்காரம் போட்டுக் கழுவிய பிறகு பிள்ளையைத் தொடுங்கள். மருந்தடித்த மலை என்றால் மேல் சட்டையையும் மாற்றிவிடுங்கள்.

நடுவில் இறங்க முடியாத நாளுக்குப் பீச்சி வைக்கப் பழகுங்கள். வேலை தொடங்க ஒன்றிரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்கினால் கைக்கு வரும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கறுப்பு வட்டத்துக்குச் சற்றுப் பின்னால் எதிரெதிராக இருக்க வேண்டும். நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பைப் பிடித்து இழுத்தால் வலிதான் மிஞ்சும். அவித்துக் காயவைத்த மூடியுள்ள பாத்திரத்தில், அறைச் சூட்டில் 4 மணி நேரம் வரை வைக்கலாம். பிரிஜ்ஜில் 4 நாள். கொடுக்கும்போது பாத்திரத்தைச் சுடுதண்ணீருக்குள் வைத்துச் சூடாக்குங்கள், அடுப்பில் காய்ச்ச வேண்டாம். போத்தல் வேண்டாம், சின்னக் கோப்பையில் கொடுக்கலாம். இரண்டு மாதப் பிள்ளை கோப்பையில் குடிக்குமா என்று மாமியார் சந்தேகப்படுவார். பிள்ளையை நிமிர்த்தி வைத்து, கோப்பை விளிம்பைக் கீழுதட்டில் தொட்டால் நாக்கை நீட்டி அதுவாகவே நக்கிக் குடிக்கும். ஊற்றத்தான் கூடாது. அவர் கையாலேயே ஒரு தடவை கொடுக்க வையுங்கள், அப்புறம் போத்தல் பேச்சே எடுக்க மாட்டார்.

இராப் பாலை மட்டும் விட்டுவிடாதீர்கள். புரோலக்டின் இரவில்தான் கூட ஊறும், பகலில் குறைந்ததை இரவு ஈடுசெய்யும். வேலைக்குப் போன முதல் வாரத்தில் மார்பு கல்லாகக் கட்டும், கொழுந்துக் கூடையின் கயிறோ பையின் பட்டியோ மார்பை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிரை நடுவில் தாங்க முடியாவிட்டால் செடிக்குப் பின்னால் கொஞ்சம் பீச்சிவிடலாம். காய்ச்சலோடு ஒரு பக்கம் சிவந்து, தொட்டால் வலிக்கும் கட்டி வந்தால் நாட்டுப் பத்துப் போட்டுக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்குக் கொடுக்கும் மருந்தோடு பால் கொடுக்கலாமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் கொடுக்கலாம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பக்கத்துப் பாலையும் பிள்ளைக்குக் கொடுக்கலாம். பயந்து நிறுத்தினால்தான் கட்டு கூடும்.